தொடாமலேயே தாக்கும் 25,000 வோல்ட்: தாம்பரம் ரயில் கம்பியில் வெட்டும் நீல ஒளி சொல்வது என்ன?

தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் புறப்படும் மின்சார ரயில் வேகம் பிடிக்கும்போது, அதன் கூரைக்கு மேலே சில நேரம் பளிச்சென்று ஒரு நீல வெளிச்சம் வெட்டும். பகலில் யாரும் கவனிப்பதில்லை. இரவில், நடைமேம்பாலத்தில் நின்றால் அந்த வெளிச்சம் முகத்தில்கூட அடிக்கும். "டிரெயின்ல ஸ்பார்க் அடிக்குது பாரு" என்று குழந்தைக்குக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின் மேல் ஏறி செல்ஃபி எடுத்த இளைஞர் கருகினார் என்று அவ்வப்போது ஒரு செய்தி வரும். பக்கத்தில் இருந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "கம்பியை அவன் தொடவே இல்ல சார். கம்பிதான் அவனை இழுத்துக்கிச்சு."

இதில் பாதி சரி, பாதி தவறு. கம்பி யாரையும் இழுப்பதில்லை. ஆனால், தொட வேண்டிய அவசியமும் இல்லை. ரயிலின் தலைக்கு மேல் வெட்டும் அந்த நீல ஒளியும், அந்த இளைஞரின் கைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கணம் தோன்றியதும் ஒன்றுதான். அதன் பெயர் பிளாஸ்மா.

கொசு பேட்டில் இருக்கும் பாடம்

பள்ளிக்கரணை, மேடவாக்கம், முடிச்சூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதற்கு ஆய்வகம் தேவையில்லை. கையில் கொசு பேட் இருந்தால் போதும்.

பேட்டில் இருக்கும் வலைகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. அவற்றுக்கு இடையில் ஆயிரம், இரண்டாயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம். பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒன்றும் நடக்காது. கொசு உள்ளே புகுந்ததும் 'பட்' என்று வெடிக்கும். வோல்ட் மாறவில்லை. மாறியது இடைவெளி மட்டும்தான். கொசுவின் உடல் இடைவெளியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. மிச்சம் இருந்த மெல்லிய காற்றின் மேல் மொத்த வோல்ட்டும் விழுந்தது.

காற்றைப் பொறுத்தவரை எத்தனை வோல்ட் என்பது முக்கியமே இல்லை. எத்தனை வோல்ட் எவ்வளவு தூரத்துக்குள் அடைபட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். இதைத்தான் இயற்பியலில் மின்புலம் என்கிறார்கள். சாதாரணக் காற்று, ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வரை தாங்கும். அதைத் தாண்டினால் உடையும்.

உடைவது எப்படி? காற்றில் எப்போதும் சில எலெக்ட்ரான்கள் தனியாகத் திரிந்துகொண்டிருக்கும். விண்வெளியில் இருந்து வரும் கதிர்களும் மண்ணில் இருந்து கசியும் இயற்கைக் கதிரியக்கமும் அவற்றை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. மின்புலம் குறைவாக இருந்தால், அப்படித் திரியும் எலெக்ட்ரானை அருகில் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறு ஒட்டிக்கொண்டுவிடும். கதை முடிந்தது. மின்புலம் அதிகமானால், ஒட்டிக்கொள்வதற்குள் அந்த எலெக்ட்ரான் வேகம் எடுத்துவிடுகிறது. எதிரில் வரும் மூலக்கூறை முட்டி, அதிலிருந்து இன்னொரு எலெக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இருபது முறை இரட்டித்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் மிகச் சிறிய துளிக்குள் முடிந்துவிடுகிறது. இந்தப் பெருக்கத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணக்கிட்டுச் சொன்னவர் ஜான் டவுன்சென்ட்.

எலெக்ட்ரான்களை இழந்த மூலக்கூறுகள் நேர்மின் அயனிகள். தனித்த எலெக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து கிடக்கும் இந்த வாயுக் குழம்புக்கு, 1928இல் பிளாஸ்மா என்று பெயர் வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர். எல்லா மூலக்கூறும் உடைந்தால்தான் பிளாஸ்மா என்று இல்லை. சிறு பங்கு உடைந்தாலே வாயுவின் குணம் தலைகீழாகிவிடும். எந்தச் சூட்டில் எத்தனை பங்கு உடையும் என்ற சமன்பாட்டை 1920இல் தந்தவர் நம்மூர் மேகநாத் சாஹா. நட்சத்திரங்களுக்காக அவர் எழுதிய கணக்கு, ரயில் கம்பியின் தீப்பொறிக்கும் பொருந்துகிறது.

தாம்பரம் பிளாட்பாரக் கூட்டம்

சரி, பிளாஸ்மா பிறந்துவிட்டது. இப்போது வெளியில் இருந்து ஒரு மின்புலம் அதன் மேல் விழுந்தால் அது என்ன செய்யும்? இதுதான் மையக் கேள்வி. பதில் கொஞ்சம் விசித்திரமானது: பிளாஸ்மா அந்த மின்புலத்தைத் தன் உள்ளே விடாது.

மாலை ஆறு மணிக்குத் தாம்பரம் பிளாட்பாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் வந்து நிற்கிறது. கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பாய்ந்து கதவை மொய்த்துவிடுகிறார்கள். நாலு வரிசை தள்ளி நிற்பவருக்குக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. முன்னால் நிற்கும் கூட்டமே கதவை மறைத்துவிட்டது.

பிளாஸ்மாவிலும் இதேதான். நேர்மின் பக்கம் எலெக்ட்ரான்கள் ஓடிப்போய்க் குவிகின்றன. எதிர்மின் பக்கம் அயனிகள் மிச்சமாக நிற்கின்றன. நைட்ரஜன் அயனி, எலெக்ட்ரானைவிட 50,000 மடங்கு கனம். அதனால் ஓடுவதெல்லாம் எலெக்ட்ரான்தான், அயனி அநேகமாக நின்ற இடத்தில் நிற்கும். இப்படி இரு ஓரங்களிலும் சேர்ந்த மின்னூட்டங்கள் தாங்களே எதிர்த்திசையில் ஒரு மின்புலத்தை உருவாக்கி, வெளியில் இருந்து வருவதைக் கிட்டத்தட்ட ரத்து செய்துவிடுகின்றன. இந்தத் திரை எவ்வளவு தடிமன் என்ற கணக்கு, 1923இல் பீட்டர் டிபை, எரிக் ஹூக்கல் இருவரும் உப்புக் கரைசல்களுக்காகப் போட்டது. பழைய டியூப்லைட்டுக்குள் அந்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ரயில் கம்பியில் வெட்டும் அடர்த்தியான பிளாஸ்மாவில் அது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு.

கிட்டத்தட்ட ரத்து என்றால் முழுசாக இல்லை. மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்வரை உள்ளே சிறிதளவு மின்புலம் மிச்சம் இருக்கும். எவ்வளவு சிறிது என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

பிறக்க 30,000, பிழைக்க 15

காற்றை உடைத்து பிளாஸ்மாவைப் பிறக்க வைக்க, ஒரு சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் வேண்டும் என்று பார்த்தோம். ஒரு முறை பிறந்து, பெரிய மின்னோட்டம் ஓடத் தொடங்கிவிட்டால், அதை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு வேண்டும்? திறந்த காற்றில், 100 ஆம்பியருக்கு மேல் ஓடும்போது, சென்டிமீட்டருக்குச் சுமார் 10 முதல் 15 வோல்ட். அவ்வளவுதான். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

மின்னோட்டம் கூடினால் பிளாஸ்மா சூடாகிறது. சூடானால் இன்னும் அதிக எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. விடுபட்டால் மின்சாரம் இன்னும் சுலபமாக ஓடுகிறது. செம்புக் கம்பியில் மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும் என்றால் வோல்ட்டையும் கூட்ட வேண்டும். பிளாஸ்மா ஆர்க்கில் தலைகீழ்: மின்னோட்டம் கூடக் கூடத் தேவைப்படும் வோல்ட் குறையும். இதை விரிவாக ஆராய்ந்து 1902இல் புத்தகமாக எழுதியவர் ஹெர்த்தா அயர்ட்டன் என்ற பிரிட்டிஷ் பெண் விஞ்ஞானி. அந்தக் காலத்துத் தெருவிளக்குகளான கரி ஆர்க் விளக்குகள் ஏன் சீறுகின்றன, ஏன் நடுங்குகின்றன என்று தேடப் போய் அவர் கண்டுபிடித்தவை இன்றும் பாடமாக இருக்கின்றன.

வீட்டு டியூப்லைட்டுக்குச் சோக் எதற்கு என்ற கேள்விக்கும் இதுதான் பதில். ஸ்டார்ட்டரும் சோக்கும் சேர்ந்து ஒரு உதை கொடுத்து உள்ளே பிளாஸ்மாவைப் பிறக்க வைக்கும். அதன்பிறகு நாலடி டியூபுக்கு 100 வோல்ட் சொச்சம் போதும். சோக் இல்லாமல் 230 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறி டியூப் நாசமாகும். எல்லோரும் எல்இடிக்கு மாறிய பிறகு பரணில் தூசி படிந்து கிடக்கும் அந்தக் கனமான இரும்புப் பெட்டி, உண்மையில் ஒரு பிளாஸ்மாவுக்குப் போட்ட கடிவாளம்.

கொசு பேட்டுக்கும் ஒரு கடிவாளம் உண்டு. உள்ளே இருக்கும் சின்ன மின்தேக்கி ஒரு வெடிப்பில் காலியாகிவிடும், பிளாஸ்மா உடனே செத்துவிடும். ரயில் கம்பிக்குப் பின்னால் இருப்பது மின்தேக்கி அல்ல. ஒரு முழுத் துணை மின்நிலையம்.

1931இல் ஓடியது வேறு மின்சாரம்

இந்தியாவில் மின்சார ரயில் முதலில் ஓடியது பம்பாயில், 1925 பிப்ரவரி 3ஆம் தேதி. அடுத்து சென்னை. தென்னிந்திய ரயில்வே நிறுவனம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே, சுமார் 29 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதையை மின்மயமாக்கி 1931இல் ரயிலை விட்டது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் தனித்தனி ஊர் என்ற நிலையில் இருந்து சென்னையின் புறநகர் ஆனதில் அந்தக் கம்பிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால், அன்று கம்பியில் ஓடியது 25,000 வோல்ட் அல்ல. 1,500 வோல்ட், அதுவும் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். 1960களில்தான் இந்தப் பாதை 25,000 வோல்ட் ஏசிக்கு, அதாவது விநாடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடும் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது. மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004இல் விடைபெற்றது. அகலப்பாதைக்கும் அதே 25,000 வோல்ட்தான். விமான நிலையம் வரை வரும் மெட்ரோ ரயிலின் தலைக்கு மேலும் அதே 25,000 வோல்ட்தான்.

1,500இல் இருந்து 25,000க்குப் போனது ஆபத்தைக் கூட்டிய வேலை மாதிரித் தோன்றும். எதற்கு இப்படி? கணக்கு எளிது. ஒரு ரயிலுக்கு 1,500 கிலோவாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1,500 வோல்ட்டில் அதற்கு 1,000 ஆம்பியர் ஓட வேண்டும். 25,000 வோல்ட்டில் 60 ஆம்பியர் போதும். கம்பி மெலிதாகும், இழப்பு குறையும், துணை மின்நிலையங்களைத் தள்ளித் தள்ளி வைக்கலாம்.

இன்னொரு லாபம் பிளாஸ்மா தொடர்பானது. டிசி ஆர்க்கை அணைப்பது பெரும்பாடு. அதில் மின்னோட்டம் நிற்கிற கணமே கிடையாது. சுவிட்சின் இரு முனைகளைப் பிரித்தால், நடுவில் பிளாஸ்மா பாலம் போட்டுக்கொண்டு நீண்டுகொண்டே போகும். காந்தத்தால் அதை ஊதித் தள்ளி, தகடுகளுக்குள் அடைத்து, துண்டு துண்டாக்கித்தான் சாகடிக்க வேண்டும். ஏசியிலோ, விநாடிக்கு 100 முறை, அதாவது ஒவ்வொரு 10 மில்லிவிநாடிக்கும், மின்னோட்டம் தானாகவே பூஜ்யத்தைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் பிளாஸ்மாவுக்குச் சோறு இல்லை. எலெக்ட்ரான்களும் அயனிகளும் மறுபடி ஒட்டிக்கொண்டு சாதாரண வாயுவாக மாறத் தொடங்கும்.

இங்கே ஒரு ஓட்டப்பந்தயம் நடக்கிறது. வாயு தன் தாங்கும் சக்தியை மீட்பது ஒரு பக்கம், மறுபடி ஏறும் வோல்ட் இன்னொரு பக்கம். வாயு ஜெயித்தால் ஆர்க் அணைந்தது. வோல்ட் ஜெயித்தால் ஆர்க் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். இந்தப் பந்தயம் என்ற விளக்கத்தையே 1928இல் ஜோசப் ஸ்லெபியன் தந்தார். வாயுவை ஜெயிக்க வைக்க இரண்டு வழிகள். ஒன்று, எலெக்ட்ரானைக் கண்டால் விடாமல் கவ்விக்கொள்ளும் வாயுவை நிரப்புவது. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு அப்படிப்பட்டது. ஆனால், அது கசிந்தால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட 23,000 மடங்குக்கு மேல் வல்லது. மற்றொன்று, வாயுவே இல்லாமல் வெற்றிடத்தில் பிரிப்பது. இன்று ரயிலின் மேல் இருக்கும் முக்கிய சுவிட்ச் பெரும்பாலும் வெற்றிட வகை. உள்ளே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விலகினாலே 25,000 வோல்ட் அடங்கிவிடும்.

லைட் அணைந்து எரியும் அந்தச் சில விநாடிகள்

பழைய மின்சார ரயில் பெட்டிகளில் பயணித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மின்விசிறி நிற்கும், பாதி விளக்கு அணையும். ரயில் சத்தமின்றி வழுக்கிக்கொண்டு போகும். சில விநாடியில் எல்லாம் திரும்ப வரும். "கரண்ட் போயிடுச்சு" என்று யாராவது சொல்வார்கள். போகவில்லை. டிரைவரே நிறுத்தினார்.

கம்பியின் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் மின்சாரம் வருவது மின்தொகுப்பின் வெவ்வேறு கட்டங்களில் இருந்து. இரண்டும் சந்திக்கக் கூடாது. அதனால் நடுவில் மின்சாரம் இல்லாத ஒரு சிறு துண்டு விட்டிருப்பார்கள். கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் பேண்டோகிராஃப், மின்னோட்டத்தை இழுத்தபடியே அந்த இடத்துக்குள் நுழைந்தால், கம்பியில் இருந்து விடுபடும்போது ஆர்க் பிடிக்கும். அது பேண்டோகிராஃபோடு சேர்ந்து நீண்டு, மறுபக்கக் கம்பி வரை போனால் இரண்டு கட்டங்களும் பிளாஸ்மா வழியே கைகோத்துவிடும். அதனால்தான் 500 மீட்டருக்கு முன்பும் 250 மீட்டருக்கு முன்பும் எச்சரிக்கைப் பலகைகள். அதைப் பார்த்து டிரைவர் சுவிட்சைத் திறந்துவிட்டு, அந்த இடத்தைக் கடந்ததும் மூடுவார்.

மற்ற இடங்களில் வெட்டும் நீல ஒளி அவ்வளவு பெரிய விஷயமில்லை. தண்டவாளம் பிரியும் இடம், கம்பி ஆடும் இடம், பேண்டோகிராஃப் ஒரு துள்ளு துள்ளும் இடம். கம்பிக்கும் கரிப் பட்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், அங்கே பிளாஸ்மா பாலம் போட்டுவிடும். ஆர்க்கின் நடுப்பகுதி சூரியனின் மேற்பரப்பைவிட, அதாவது 5,500 டிகிரி செல்சியஸைவிடச் சூடாக முடியும். செம்பு உருக 1,085 டிகிரி போதும். அதனால் ஒவ்வொரு பளிச்சுக்கும் கம்பியில் ஒரு பொட்டுச் செம்பு போகும். அந்தப் பச்சை கலந்த நீலம், ஆவியான செம்பின் நிறமும் காற்றில் உள்ள நைட்ரஜனின் நிறமும் சேர்ந்தது. கரிப் பட்டை ஒரே இடத்தில் தேயக் கூடாது என்பதற்காக, நேரான பாதையிலும் கம்பியைக் கொஞ்சம் இடமும் வலமுமாக, வளைத்து வளைத்துத்தான் கட்டியிருப்பார்கள். அடுத்த முறை பிளாட்பாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

கூரை மேல் நடப்பது

தண்டவாளத்தில் இருந்து கம்பி சுமார் ஐந்தரை மீட்டர் உயரம். பெட்டியின் கூரையில் ஒருவர் எழுந்து நின்றாலே தலை கம்பிக்குப் பக்கத்தில் போய்விடும். இனி கணக்கைப் பார்ப்போம். 25,000 வோல்ட் ஏசி என்பது சராசரி மாதிரியான ஒரு அளவு. ஒவ்வொரு சுற்றிலும் உச்சம் 35,000 வோல்ட்டைத் தொடும். சமதளமான இரு தகடுகள் என்றால், அதனால் தாண்ட முடிவது 1.2 சென்டிமீட்டர் காற்றை மட்டுமே. கூர்மையான முனை, விரல், கையில் தூக்கிப் பிடித்த செல்போன் என்றால் மின்புலம் அங்கே குவியும். அப்போது சில சென்டிமீட்டர் வரை தாண்டும்.

"ரெண்டு மீட்டர் தள்ளி நின்னாலும் இழுத்துடும்" என்று சொல்லப்படுவது, இயற்பியல்படி மிகை. ஆனால், மின்சாரத்தை நிறுத்தாமல் கம்பிக்கு 2 மீட்டருக்குள் யாரும் வேலை செய்யக் கூடாது என்ற ரயில்வேயின் விதி மிகையே அல்ல. கம்பி காற்றில் ஆடும். மனிதர் நிலைதடுமாறுவார். கையில் குடை இருக்கும், கம்பி இருக்கும். எங்கோ மின்னல் விழுந்தால் கம்பியில் வோல்ட் ஒரு கணம் எகிறும். சில சென்டிமீட்டர் என்ற ஆபத்தான எல்லையை மனிதக் கண் அளந்து பார்த்து நிற்க முடியாது.

எல்லையைத் தாண்டிய கணத்தில் நடப்பது, கொசு பேட்டில் நடப்பதேதான். ஆனால், இங்கே பட்டன் யார் கையிலும் இல்லை. காற்று உடைகிறது, பிளாஸ்மா பிறக்கிறது, மின்சாரம் உடல் வழியே இறங்கி, பூமியோடு இணைந்திருக்கும் இரும்புக் கூரைக்குப் போகிறது. அவர் தூக்கி எறியப்பட்டு விலகினாலும் ஆர்க் அறுந்துபோவதில்லை. பிறக்கத்தான் 30,000 வேண்டும், பிழைக்க 15 போதுமே. பிறந்த தூரத்தைவிடப் பல மடங்கு தூரத்துக்கு அது இழுபட்டு வரும். 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறை மின்னோட்டம் பூஜ்யமாவதும் அவரைக் காப்பாற்றாது. சூடு ஆறாத அந்தக் காற்றில் அடுத்த உச்சம் மறுபடி பாலம் போட்டுவிடும். துணை மின்நிலையம் இதைக் கண்டுபிடித்து மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு விநாடியில் சிறு பங்குதான் ஆகும். அதற்குள் தீக்காயம் முடிந்துவிடும். இத்தகைய விபத்துகளில் ஷாக்கைவிட உடல் எரிவதே பெரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வெளியே விலகி வரும் அந்த ஆர்க்கைப் பார்த்துத்தான் "கம்பி இழுத்துக்கிச்சு" என்கிறார்கள்.

காப்பாற்றப் போகிறவர்களுக்கும் ஒன்று: மின்சாரம் துண்டான மாதிரித் தெரிந்தாலும் கம்பியில் அது மறுபடி செலுத்தப்படலாம். ரயில்வே ஊழியர்கள் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைப் பூமியோடு இணைத்து, "இனி போகலாம்" என்று சொல்லும்வரை யாரும் மேலே ஏறக் கூடாது. நிலைய ஊழியர் யாரும் கண்ணில் படவில்லை என்றால் 139க்கு அழைக்கலாம்.

தெருவிலும் மொட்டை மாடியிலும்

ரயில் பாதை ஓரத்தில் இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தென்சென்னைப் புறநகர்த் தெருக்களில் 11,000 வோல்ட் கம்பி பால்கனியை உரசிக்கொண்டு போகும் காட்சி புதிதல்ல. வீடு முதலில் வந்ததா, கம்பி முதலில் வந்ததா என்ற சண்டை தெருவுக்குத் தெரு உண்டு. விதி, அந்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது. இந்த இடைவெளியைக் காற்று கேட்கவில்லை. 11,000 வோல்ட் அவ்வளவு தூரம் பாயாது. கேட்பது மனிதர்களின் கைதான்: முருங்கைக்காய் பறிக்கும் இரும்புத் தொரட்டி, பெயின்டரின் அலுமினிய ஏணி, மாடியில் இருந்து இறக்கும் நீளமான இரும்புக் குழாய். உலோகம் கையில் இருக்கும்வரை, கொசு பேட்டில் கொசு செய்த அதே வேலையை அது செய்யும்.

நீலாங்கரை, பாலவாக்கம் பக்கம் கடலோரத்தில் இன்னொரு தொல்லை. உப்புக் காற்று பீங்கான் இன்சுலேட்டர்களில் படியும். முதல் மழைச் சாரலில் அந்த உப்பு நனைந்து, மேற்பரப்பிலேயே மின்சாரம் கசியும். சில இடம் சூட்டில் காய்ந்து, அந்தக் காய்ந்த பட்டையின் மேல் மொத்த வோல்ட்டும் குவியும். இரவில் கம்பத்தில் இருந்து வரும் 'சர்ர்' சத்தமும் ஊதா நிறப் பொறியும் அதுதான். அடை மழையைவிட லேசான தூறலில் இது அதிகமாகத் தெரிவதற்குக் காரணம், அடை மழை உப்பையே கழுவிவிடும். அப்படிப் பொறி பறக்கும் கம்பத்தைப் பார்த்தால், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987க்குச் சொல்லலாம்.

கடைசியாக, மொட்டை மாடி. 2024இல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்றான பிறகு சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று எங்கும் சோலார் பேனல் ஏறிவருகிறது. தாம்பரம் ரயிலை விட்டு 1960களில் போன டிசி, இப்போது மாடி வழியாக வீட்டுக்குள் வருகிறது. வரிசையாக இணைத்த ஆறு பேனல் என்றால் 250, 300 வோல்ட் டிசி சாதாரணம். வோல்ட் குறைவுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால், பிறக்கவைக்க வழி கிடைத்துவிட்டால், பிழைக்கக் கொஞ்சம் வோல்ட் போதும் என்பது இங்கேயும் பொருந்தும். மின்னோட்டம் ஓடும்போது இணைப்பைக் கையால் பிடுங்கினால், பிரியும் முனைகளுக்கு நடுவே பிளாஸ்மா பிறந்துவிடும். பூஜ்யத்தைத் தொடும் கணம் டிசியில் கிடையாது. ஆகவே, தானாக அணையாது. இதே சங்கதி, சரியாக இறுக்கப்படாத இணைப்பு முனையிலும் நடக்கலாம். மின்னோட்டம் வழக்கமான அளவிலேயே ஓடுவதால் எம்சிபி விழாது; பிளாஸ்டிக் மட்டும் உருகும்.

காசு மிச்சம் என்று ஏசிக்கான எம்சிபியை டிசி பக்கம் போட்டுவிட்டுப் போகும் வேலை இதனால்தான் ஆபத்தானது. அந்த எம்சிபி, பூஜ்யம் வரும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. பேனல் பக்கம் இருக்கும் சுவிட்சிலும் எம்சிபியிலும் டிசி என்றும், பேனல் வரிசையின் வோல்ட்டைவிட அதிகமான வோல்ட் அளவும் அச்சிட்டிருக்க வேண்டும். இன்ஸ்டால் செய்ய வருபவரிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. பழுது பார்க்க வேண்டுமென்றால் முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, மின்னோட்டம் நின்ற பிறகு டிசி சுவிட்ச், அதற்கும் பிறகுதான் பேனல் இணைப்பு. வீட்டு மெயினை அணைத்துவிட்டோம் என்பது இங்கே கணக்கில் வராது. வெயில் அடிக்கும்வரை பேனல் முனையில் வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.